ஊசியே உடையாத லைன்

தம்பி,

நீ உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்த உன்னை எழுப்ப மாடம்பாக்கத்தில் யாராலும் முடியாது. அப்பா பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு ஈஸிசேரில் கிடக்கிறார். நான் உன் பழைய பாலிடெக்னிக் நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். நேரில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நான் குரலை உயர்த்திவிடுவேன், ஐந்தாவது வாக்கியத்தில் நீ செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவாய். இத்தனை வருடமாக அப்படித்தானே நடக்கிறது. தாளில் என்னால் கத்த முடியாது. நீ எழுந்து போனாலும் தாள் இங்கேயே கிடக்கும்.

இன்று சாப்பிடும்போது நீ இரண்டு விஷயம் சொன்னாய். முதலாவதைச் சொல்லும்போது உன் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். "சூப்பர்வைசர் ஆகி ஆறு மாசம் ஆச்சும்மா. என் லைன்லேர்ந்து ஒரு கம்ப்ளைண்ட் கூட வரல. இப்பல்லாம் ஒரு பய வந்து சார் இது கெட்டுப்போச்சுன்னு நிக்கறது கிடையாது." இரண்டாவது குமரேசனைப் பற்றி. காருக்குப் போகும் ஒயர்களில் முனை அழுத்துகிற மெஷினைத் தப்பாக செட் பண்ணி நாற்பது ஒயரைக் கெடுத்துவிட்டான், யாரிடமும் சொல்லாமல் கட்டி லாக்கருக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டான், பெருக்குகிற அம்மா எடுத்துக் கொடுத்ததால்தான் தெரிந்தது என்றாய். நாளைக்கு நீ ரிப்போர்ட் எழுத வேண்டும். நீ எழுதுவதை வைத்துத்தான் அவனை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்களாம். "தப்பு பண்ணதுகூடப் பரவாயில்லம்மா. ஒளிச்சு வெச்சான் பாரு. அப்படிப்பட்டவனை வெச்சுக்கிட்டு லைன் ஓட்ட முடியாது" என்றாய். அப்பா "கரெக்ட்டுதான்" என்றார். நான் ரசம் ஊற்றினேன், ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தது உனக்கே அதிசயமாகப் பட்டிருக்கும்.

நீ வேறு வேறு என்று நினைத்துச் சொன்ன இரண்டும் ஒரே விஷயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஒரு லைனை நானும் ஓட்டியிருக்கிறேன்.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, ஏற்றுமதி வளாகத்துக்குள் நடந்து போகிற அந்தத் துணிக் கம்பெனியில் நான் வேலை பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். குழந்தைகளுக்கான கவுன், சட்டை எல்லாம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். எண்பதுகளின் நடுவில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். மூன்றாம் வருடம் முப்பது பெண்கள் உட்காரும் ஒரு லைனுக்கு என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். முந்தின நாள் சாயங்காலம் வரை என்னை "அக்கா" என்று கூப்பிட்டவர்கள் மறுநாள் காலையில் "மேடம்" என்றார்கள். அப்படிக் கூப்பிடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது, உன்னிடம் மறைப்பானேன். எனக்கென்று ஒரு நீலக் கோட்டு, கழுத்தில் விசில் மாதிரி தொங்குகிற ஒரு இஞ்ச் டேப், கையில் ஒரு அட்டை. அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு முதல் நாள் லைனுக்கு நடுவே நடந்தபோது ஊரையே வாங்கிவிட்ட மாதிரி இருந்தது.

அங்கே ஒரு விதி உண்டு. தைக்கும்போது மெஷின் ஊசி உடைந்தால் ஆபரேட்டர் உடனே மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் ஒரு குச்சியில் கட்டிய காந்தத்தோடு போய், உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். எடுத்த துண்டுகளை ஒரு பதிவேட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டி, ஊசி முழுசாகச் சேருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டோரில் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டுத் துணி முழுவதையும் ஒதுக்கித் தடவித் தடவித் தேட வேண்டும். கைக்குழந்தை போடுகிற உடுப்பில் ஊசிமுனை போய்விடக் கூடாதே. நல்ல விதிதான். ஆனால் கால் மணியோ அரை மணியோ மெஷின் நிற்கும், பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும் டார்கெட்டும் தவறும்.

என் வாய் உனக்குத் தெரியும். யாராவது கையைத் தூக்கினால் நான் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் என் குரல் போய்ச் சேர்ந்துவிடும். "கண்ணை வீட்ல வெச்சிட்டு வந்தியா? உன்னால முப்பது பேரும் நிக்கணுமா?" என்று ஆரம்பித்தேனானால், கடைசித் துண்டு கிடைக்கும்வரை நிறுத்த மாட்டேன். அந்தப் பெண் மண்டி போட்டுத் தரையில் தேடிக்கொண்டிருப்பாள், நான் தலைக்கு மேலே நின்று திட்டிக்கொண்டிருப்பேன். ஊசி என்றால் உடையத்தான் செய்யும், தடித்த மடிப்பில் ஏறினால் யார் தைத்தாலும் உடையும் என்பது எனக்குத் தெரியாதா? நான் ஆபரேட்டராக இருந்தபோது எத்தனை ஊசி உடைத்திருக்கிறேன். ஆனால் நீலக் கோட்டு போட்டதும் அது மறந்துபோனது. கண்டிப்பாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதத்தில் என் லைனில் ஊசி உடைவது நின்றுவிட்டது. பதிவேட்டில் பக்கம் பக்கமாகத் தேதி மட்டும் இருக்கும், ஒட்டிய துண்டு ஒன்றும் இருக்காது. மானேஜர் எல்லா சூப்பர்வைசர்களையும் நிற்க வைத்து என் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். "இந்த லைன்ல ஊசியே உடையறதில்ல. எப்படின்னு இவங்களைக் கேட்டுத் தெரிஞ்சிக்குங்க" என்றார். அன்று வீட்டுக்கு வந்து உனக்கும் அப்பாவுக்கும் கேசரி கிளறினேன். நீ இன்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னபோது உன் முகத்தில் இருந்ததே ஒரு வெளிச்சம், அது அன்றைக்கு என் முகத்தில் இருந்தது.

ஊசி உடைந்துகொண்டுதான் இருந்தது. கையைத் தூக்குவதுதான் நின்றுபோயிருந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் தையல் சாமான் விற்கிற கடையில் மெஷின் ஊசிப் பொட்டலம் கிடைக்கும். என் பெண்கள் அதைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு வந்து ஒளித்துவைத்திருந்தார்கள். உடைந்தால், நான் அடுத்த வரிசைக்குப் போகும்வரை காத்திருந்து, கண்ணில் பட்ட துண்டைத் தள்ளிவிட்டுப் புது ஊசியை மாட்டிவிடுவார்கள். நான் திரும்பி வரும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னதை ஒரு அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். இனிமேல் சொல்வதை அப்படி விட முடியாது. அப்பாவுக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை.

காலர் தைக்கிற எஸ்தர் என்று ஒருத்தி. படப்பையிலிருந்து பஸ் பிடித்து வருவாள். லைனிலேயே சுத்தமான கை அவளுடையது. ஒரு நாள் அவள் பக்கத்தில் நின்று காலர் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் ரவிக்கைக் கையின் உள்மடிப்பில் வரிசையாக மூன்று ஊசி குத்தியிருப்பது என் கண்ணில் பட்டது. வீட்டில் தைக்கிற ஊசி இல்லை, மெஷின் ஊசி. எனக்கு ஒரு கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. நான் "காலர் நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டேன். பதிவேடு வெறுமையாக இருப்பது எனக்கு வேண்டியிருந்தது. தெரிந்தே போனேன் தம்பி.

மூன்று வாரம் கழித்து, சரக்கு லாரியில் ஏறுவதற்கு முந்தின நாள், வாங்குகிறவர்கள் சார்பில் பார்வையிட வந்த பெண்மணி ஒரு சின்ன கவுனின் காலரை அழுத்திப் பார்த்தார். அவர் விரலில் ரத்தம் பொட்டாக வந்தது. காலருக்குள் அரை ஊசி. மொத்தப் பெட்டிகளையும் பிரித்து மறுபடி தடவச் சொன்னார்கள். ஒவ்வொரு கட்டோடும் போகிற கட்டுச்சீட்டில் தைத்தவளின் எண் இருந்ததால் அது எஸ்தர் தைத்தது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மானேஜர் அறையில் அவளையும் என்னையும் நிற்க வைத்தார்கள். அவள் அழவில்லை. "ஆமா சார், ஊசி ஒடஞ்சிச்சு. நானே மாத்திக்கினேன். முனை எங்க பூடுச்சின்னு தெரில சார்" என்றாள். மானேஜர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா?" என்றார். நான் "தெரியாது சார்" என்றேன். எஸ்தர் என்னைப் பார்த்தாள். பிறகு மானேஜரைப் பார்த்து, "மேடத்துக்குத் தெரியாது சார்" என்று அவளும் சொன்னாள்.

ரிப்போர்ட்டை எழுத வேண்டியவள் நான். அச்சடித்த தாள். அதில் ஒரு கட்டம், "இது மேற்பார்வையாளரின் கவனத்துக்கு வராதது ஏன்?" நான் "ஊழியர் மறைத்துவிட்டார்" என்று எழுதினேன். இரண்டே சொல். இரண்டும் உண்மை. ஆனாலும் அதைவிடப் பெரிய பொய்யை நான் எழுதியதில்லை. அடுத்த வாரத்திலிருந்து எஸ்தரின் மெஷினில் வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள். அந்தப் புதுப் பெண்ணின் ரவிக்கைக் கையை நான் பார்க்கவே இல்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகும் நான் திருந்தியிருப்பேன் என்று நிச்சயமில்லை. திருந்தியதற்கு நீதான் காரணம். அப்போது உனக்குப் பதினோரு வயது. மாடம்பாக்கம் ஏரிக்கரையில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. இரண்டு நாள் நீ வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கையை டவுசர் பைக்குள் வைத்துக்கொண்டாய், வீட்டில் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு குளிருகிறது என்றாய். தாம்பரத்தில், மே மாதம் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வெயிலில், குளிருகிறது என்று ஒரு பையன் சொல்கிறான், அதையும் நான் நம்பினேன். பி.டி. மாஸ்டர் ஆள் அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரியும். பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்தேன். உன்னைப் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "சைக்கிள் என்னடா ஆச்சு?" என்று கேட்டேன்.

டாக்டர் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டே, "ரெண்டு நாளா ஏன்டா ராஜா சொல்லல?" என்றார். நீ என் பக்கம் திரும்பாமல், "அம்மா கத்துவாங்க சார்" என்றாய். டாக்டர் சிரித்தார். நானும் கூடவே சிரித்து வைத்தேன். ஆனால் பஸ்ஸில் உன்னை மடியில் சாய்த்துக்கொண்டு வந்தபோது எனக்கு உன் முகமாகத் தெரியவில்லை, எஸ்தரின் முகமாகத் தெரிந்தது. வலியைப் பொறுத்துக்கொள்வது என் குரலைப் பொறுத்துக்கொள்வதைவிடச் சுலபம் என்று என் பிள்ளை முடிவு செய்திருக்கிறான். அங்கே முப்பது பேர், இங்கே நீ ஒருவன். நீயும் என் லைனில் வேலை பார்த்தவன்தான் தம்பி.

மறுநாள் காலையில் மெஷின்களை ஓடவிடுவதற்கு முன் எல்லோரையும் பார்த்து, "போன வாரம் கட்டுச்சீட்டு நம்பரை நான்தான் மாத்தி எழுதினேன், அதனாலதான் செக்கிங்ல குழப்பம் வந்துச்சு" என்றேன். சின்னத் தப்புதான். பெரியதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், மேடத்துக்கு உடம்பு சரியில்லையோ என்பது போல. தினமும் ஏதாவது ஒன்று சொன்னேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு தப்பு செய்துகொண்டுதான் இருந்தேன். அதோடு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். யாராவது கையைத் தூக்கினால் நான் வாயைத் திறந்து கேட்கும் முதல் கேள்வி "கையில குத்திச்சா?" என்றுதான் இருக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகு திட்டுவது கஷ்டம், வேண்டுமானால் நீயே முயற்சி செய்து பார். முதல் கை உயர ஒன்றரை மாதம் ஆயிற்று. உயர்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊசியை உடைத்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை, "அய்யோ மேடம், ஒண்ணும் ஆவல மேடம்" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.

இதற்கு மாலை மரியாதை எல்லாம் கிடைத்தது என்று நினைக்காதே. பதிவேடு நிரம்ப ஆரம்பித்தது. "உங்க லைன்ல மட்டும் ஏன் இவ்வளவு ஊசி உடையுது?" என்று அதே மானேஜர் அதே சூப்பர்வைசர்கள் முன்னால் கேட்டார். வருடக் கடைசியில் கொடுக்கும் ஷீல்டு வேறு லைனுக்குப் போனது. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நல்ல சூப்பர்வைசரின் லைன் மேலே இருப்பவர்களுக்கு எப்போதும் கொஞ்சம் மோசமாகத்தான் தெரியும். ஏனென்றால் அங்கே நடக்கிற தப்பெல்லாம் வெளியே தெரிகிறது. அதைத் தாங்குகிற தோல் உனக்கு வேண்டும். கீழே இருப்பவர்களை மிரட்டுவதற்குத் தோல் எதுவும் தேவையில்லை, தொண்டை இருந்தால் போதும்.

எஸ்தரை நான்கைந்து வருடம் கழித்து ஒரே ஒரு முறை பார்த்தேன். தாம்பரம் மேற்கில் படப்பை பஸ் நிற்கிற இடத்தில், காய்கறிப் பையோடு நின்றிருந்தாள். நான் பார்க்காத மாதிரி போய்விடலாமா என்று யோசித்தேன், உன்னிடம் சொல்வதற்கென்ன. அவள்தான் கூப்பிட்டாள், "அக்கா" என்று.

"இன்னா அக்கா, எளச்சிப் பூட்டீங்க. உடம்பு நல்லாதான கீது?" என்றாள். வீட்டிலேயே ரவிக்கை தைப்பதாகச் சொன்னாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். நான் நேராகக் கேட்டுவிட்டேன். "எஸ்தர், நான் அன்னிக்கு ஊசியைப் பார்த்தது உனக்குத் தெரியும்ல. ஏன் சொல்லல?"

"தெரியாம இன்னா. சொன்னா மட்டும் என் வேல திரும்ப வந்துடுமா? உங்க வேலயும் சேந்து பூடும். உங்க புள்ள படிச்சிகினு இருந்தான், அதான் வுட்டுட்டேன்." பையைக் கைமாற்றிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு அக்கா. ஊசி ஒடஞ்சா கைய தூக்கறதுக்கு எனக்கு பயமே இல்ல. தூக்கினா வர்றது நீங்கன்றதுதான் பயம்."

கோபமாகச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். படப்பை பஸ் வந்தது, ஏறிவிட்டாள். மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். அந்த ரிப்போர்ட்டையும் நான் கடைசிவரை திருத்தவில்லை. நீ டிப்ளமா முடித்தாய், சூப்பர்வைசர் ஆனாய், பாதுஷா பெட்டியோடு வந்து காலில் விழுந்தாய். அந்தப் பெட்டியைப் பிரிக்கும்போது எஸ்தர் ஞாபகம்தான் வந்தது எனக்கு.

இப்போது உன் குமரேசன். அவனை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. கெட்டுப்போன ஒயர் காருக்குள் போனால் என்ன ஆகும் என்று என்னைவிட உனக்குத் தெரியும். ஆனால் போன மாதம் இதே சமையலறையில் நின்று நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். யாரோ ஒருவன் ஒரு பீஸைக் கெடுத்துவிட்டு உன்னிடம் வந்து சொன்னான், அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு டீ நேரம் முழுக்க எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்தேன் என்று. நானும் சிரித்தேன், அது என் தப்பு. அந்த டீயைக் குமரேசன் அங்கே உட்கார்ந்துதான் குடித்திருப்பான். தானாக வந்து சொன்னவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்துக்கொண்டேதான் குடித்திருப்பான்.

நாளை ரிப்போர்ட்டில் கை வைப்பதற்கு முன் அவனைத் தனியாகக் கூப்பிடு. "எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சே?" என்று கேள். கேட்டுவிட்டு அவன் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிரு. என் வயிற்றில் பிறந்த உனக்கு அது சிரமம்தான், பல்லைக் கடித்துக்கொள். அவன் சொல்வதைக் கேட்ட பிறகு எழுது. உன் தாளிலும் அந்தக் கட்டம் இருக்கும், வேறு வார்த்தையில் இருக்கலாம். இது உன் கவனத்துக்கு வராதது ஏன் என்று கேட்கும். நான் இரண்டு சொல்லில் நிரப்பிய கட்டம் அது. நீ அதை முதலில் நிரப்பு, மற்றதெல்லாம் பிறகு.

நீ எழுந்திருக்கிற சத்தம் கேட்கிறது. காப்பிக்குப் பால் வைக்க வேண்டும். இதை மடித்து நாளைக்கு உன் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைக்கிறேன், ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் படி. சாயங்காலம் வந்து அந்தக் கட்டத்தில் என்ன எழுதினாய் என்று என்னிடம் சொல். எனக்குப் பிடிக்காததை எழுதியிருந்தாலும் வந்து சொல். நான் கத்த மாட்டேன் என்று சத்தியம் செய்தால் நீ நம்பப் போவதில்லை. முதலில் உன்னை உட்காரச் சொல்லி, கை வலிக்கிறதா என்று கேட்கிறேன். அதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

அம்மா